பெயரில்லாமல் ஆடிய மூன்று நாட்கள்

விளையாட்டுக் கழகங்களின் ஊடகப் பிரிவுக்கு இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் என்னிடம் கேட்டாள். "அங்கிள், ஒரு டீமுக்குப் பேர் வைக்கிறதெல்லாம் பெரிய விஷயமா? லஞ்ச் முடிச்சுட்டு உட்கார்ந்தா டீ டைமுக்குள்ள முடிச்சிடலாமே!"

முடிக்கலாம் பிள்ளை. நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அந்த வேலை ஒரு மாதம் இழுத்தது. வேலையே போகிற நிலைக்குக் கொண்டுவந்து விட்டது. கடைசியில் பெயரை வைத்தது நானும் இல்லை. செய்திக்குறிப்பு எழுதுவது எப்படி, ஆட்டக்காரரைப் பேட்டிக்கு இழுத்து வருவது எப்படி என்பதையெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் என் மடத்தனத்தைச் சொல்லித் தருகிறேன். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். சிட்னிக்கு வந்து பல வருடம் ஒரு வட்டாரப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பத்திரிகையை மூடினார்கள். அப்போதுதான் சிட்னியின் மேற்கே பிளாக்டவுன் பக்கம் ஒரு தொழில்முறை பேஸ்பால் கழகம் புதிதாகத் தொடங்கினார்கள். மக்கள் தொடர்புக்கு ஆள் தேவை என்றார்கள். நேர்முகத்தில் எனக்கு பேஸ்பால் தெரியுமா என்று கேட்டார்கள். "பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியிருக்கிறேன். கட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவது. கிட்டத்தட்ட இதேதான்" என்றேன். கழகத்தின் பொது மேலாளர் ஒரு பெண்மணி. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஆறு மாதம் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். தன்னைப் பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மேலாளர் என்றே சொல்கிறேன். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம், தமிழில் தருகிறேன்.

கழகம் இருந்தது, மைதானம் இருந்தது, ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பெயர்தான் இல்லை. ஊர்ப் பெயரோடு ஒட்டிக் கூப்பிட ஒரு செல்லப் பெயர் வேண்டும். அது என் முதல் வேலை. பேஸ்பால் பிறந்து வளர்ந்த அமெரிக்காவில் அணிகளுக்கு எப்படிப் பெயர் வந்தது என்று உட்கார்ந்து படித்தேன். ஓர் அணிக்கு அவர்கள் போட்டிருந்த காலுறையின் நிறமே பெயராகிவிட்டது. இன்னோர் அணி, மற்றவர்கள் தங்களுடையவர் என்று நினைத்திருந்த ஓர் ஆட்டக்காரரைத் தூக்கிக்கொண்டு போனது. கொள்ளைக்காரர்கள் என்று திட்டினார்கள். அந்தத் திட்டையே அவர்கள் பெயராக்கி நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். ஒரு நகரத்துக்காரர்கள் தெருவில் டிராம்களுக்கு விலகி விலகி ஓடுவார்களாம். அந்தக் கேலியே அவர்களுடைய அணிக்குப் பெயராயிற்று. வேறோர் அணியின் பெயர் தலைப்புக்குள் அடங்கவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் குட்டையாக ஒன்றைப் போட்டார்கள், அது நிலைத்துவிட்டது. இதையெல்லாம் படித்து ரசித்தேன், மேலாளருக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஆனால் இவற்றில் ஒரு பெயரைக்கூட எந்தக் கழகமும் மேசையில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

இத்தனைக்கும் நான் வந்த இடத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைப் 'பட்டம் தெளிக்கிறது' என்போம். என் வகுப்பில் ஒருவன் தன்னை எல்லோரும் 'கப்டன்' என்று கூப்பிட வேண்டும் என்று ஒரு பள்ளித் தவணை முழுக்கக் கெஞ்சினான். நாங்கள் அவனுக்கு 'கோப்பி' என்று தெளித்தோம். காலையில் வகுப்புக்கு வந்தால் அவனிடம் கோப்பி மணக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு அவன் இங்கிலாந்தில் பெரிய வைத்தியர். எங்களுக்கு இன்னும் கோப்பிதான். தனக்குத் தானே பட்டம் தெளித்து வென்றவன் எங்கள் ஊரில் ஒருவனும் இல்லை. இது தெரிந்தும் நான் ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் பெயர்ப் பட்டியல் கேட்டேன் பாருங்கள், அதைத்தான் மடத்தனம் என்கிறேன்.

அவர்கள் மூன்று பெயர் கொடுத்தார்கள். நீலமும் வெள்ளையும் உடுத்திய டொர்னேடோஸ், அதாவது சூறாவளிகள். சிவப்பும் கறுப்பும் உடுத்திய பைதான்ஸ், மலைப்பாம்புகள். பச்சை உடுத்திய ஐயன்பார்க்ஸ். அது மேற்கு சிட்னியில் வளரும் ஒரு கெட்டியான மரத்தின் பெயர். இணையத்தில் வாக்கெடுப்பு வைத்து மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார் மேலாளர். பெயரைப் போட்டு, அஞ்சல் குறியீட்டைப் போட்டு, ஒன்றை அமுக்க வேண்டும். மூன்று வாரம் திறந்திருக்கும். "இந்தப் பகுதி ஜனங்கள் நம்மைத் தங்கள் அணியாக நினைக்க வேண்டும். அதற்கு இது முதல் படி" என்று சொன்னார். உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்.

முதல் வாரம் முடிந்தது. விழுந்த வாக்குகளை விரல்விட்டு எண்ணலாம். அதில் இரண்டு என்னுடையதும் என் மனைவியுடையதும். மேலாளரின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அவசரப் புத்தி. நம் ஆட்கள் நிறைய வசிக்கும் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்தில் நின்றபடியே, எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். "டொர்னேடோஸ் எங்கட பள்ளிக்கூட நிறம்" என்று ஒரு வரி சேர்த்தேன். கூடவே, அஞ்சல் குறியீடு கேட்டால் வென்ட்வேர்த்வில் குறியீட்டைப் போடுங்கள் என்றும் எழுதித் தொலைத்தேன்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: எங்கள் பள்ளிக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் வருடா வருடம் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். படித்து முடித்து முப்பது வருடமானாலும், கண்டம் மாறினாலும், இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று விடாது. லண்டன், டொரண்டோ, பாரிஸ், ஒஸ்லோ என்று இரண்டுக்கும் கிளைச் சங்கங்கள் உண்டு. பக்கத்துப் பள்ளியின் நிறம் சிவப்பும் கறுப்பும். எங்கள் குழுவில் இருந்த யாரோ ஒருவருடைய மச்சினன் அந்தப் பள்ளிக்கூடம். செய்தி போய்விட்டது.

மறுநாளே வாக்குகள் கொட்ட ஆரம்பித்தன. மூன்றாம் நாள் ஆயிரங்களைத் தாண்டியது. டொர்னேடோஸ் ஏறும், பைதான்ஸ் முந்தும், மறுபடி டொர்னேடோஸ் ஏறும். பாவம், ஐயன்பார்க்ஸ் அடியில் கிடந்தது. மேலாளருக்குத் தலை கால் புரியவில்லை. அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பாருங்கள், இந்தப் பகுதிக்கு நம் மேல் எவ்வளவு ஆசை!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் திரையைப் பார்க்காமல் தேநீர் போடப் போனேன்.

சில நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு டொரண்டோவிலிருந்து தவம் கூப்பிட்டான். வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்.

"மச்சான், எங்கட கிளையில எல்லாரையும் போடச் சொல்லியாச்சு. மனிசிமாரும் போட்டிட்டினம். அவங்கள் கிட்ட வாறாங்களடா. வோட்டை எண்டைக்கு மூடுறியள்?"

"தவம், உனக்கு பேஸ்போல் எண்டா என்னெண்டு தெரியுமோ?"

"அது எனக்கு ஏன்? அவங்கள் வெல்லக் கூடாது. அவ்வளவுதான்."

அன்று வேலைக்குப் போகும் வழியில் பரமேஸ் அக்காவின் கடைக்குப் போனேன். வென்ட்வேர்த்வில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரோல்ஸ், வடை, கொத்து ரொட்டி விற்கிறவர். எங்கள் மைதானத்திலும் ஒரு கடை போட ஒப்புக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி, உங்கட பள்ளிக்கூட ஆக்கள் கள்ள வோட்டுப் போடினமாம் எண்டு கதைக்கினம்?"

"அவையளும் போடினம்தானே அக்கா."

"அவை போட்டாப் போடட்டும். நீங்கள்தானே அங்க வேலை செய்யிறியள்? அந்த மனிசி உங்களை நம்பித்தானே வச்சிருக்கிறா?"

வடையைக் கையில் வாங்கினேன். தின்னாமலே பைக்குள் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

வாக்கெடுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. டொர்னேடோஸ் வென்றது. மறுநாள் மதியத்துக்குள் ஜெர்சி அச்சடிக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் தெரியாது. விஷயம் அப்படியே அடங்கிவிடும். இதை நான் மறைக்க மாட்டேன்: புதன்கிழமை காலை முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். தப்பு அச்சுக்குப் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் நீங்கள் யார் என்பது. மற்றதெல்லாம் யாரும் பழகிக்கொள்ளலாம்.

பதினொரு மணிக்கு மேலாளரின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். வாட்ஸ்அப் முதல் டொரண்டோ வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். பிறகு வாக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தார். "வென்ட்வேர்த்வில்லில் இருக்கிற ஆட்களைவிட அங்கிருந்து விழுந்த வாக்குகள் அதிகம் போல இருக்கிறதே" என்றார். சிரிக்கிறாரா, அழப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இதில் எது இந்தப் பகுதி ஆட்களுடையது, எது உங்கள் விருந்தாளிகளுடையது என்று பிரிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்படியானால் நமக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாமலே ஆடுவோம்."

ஜெர்சியில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டு, மற்ற இடத்தை வெள்ளையாக விடச் சொன்னார். நடந்ததை ஊருக்குச் சொல்லும் அறிவிப்பை என்னையே எழுதச் சொன்னார். கீழே என் பெயர் வர வேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் மிகவும் சிறியது அது. வாக்கெடுப்பு கெட்டுப்போனது, கெடுத்தது நான், மன்னிக்க வேண்டும், பெயரில்லாத அணியைப் பார்க்க வாருங்கள். நாலே வரி.

நாங்கள் ஆடும் லீக்கின் தலைமை அலுவலகம் கொதித்தது. முதல் மூன்று ஆட்டமும் எங்கள் மைதானத்தில், மெல்பேர்ன் அணியோடு. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் முடிவதற்குள் ஒரு பெயர் சொல்லாவிட்டால், வாக்கெடுப்பில் வென்ற டொர்னேடோஸையே பதிந்துவிடுவோம் என்றார்கள். மேலாளர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "களவு வாக்கில் வந்த பெயரே நம் தலையில் ஏறிவிட்டால், உங்களை இங்கே வைத்திருக்க என்னால் முடியாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை." கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பள்ளிக்கூடம் வென்றால் வேலை போகும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் பள்ளிக்கூடம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முதல் ஆட்டம். மைதானம் பாதிகூட நிறையவில்லை. அன்று காலை புல் வெட்டப் போனவர் திரும்பி ஓடி வந்திருந்தார். இடது பக்கம், வெளிவட்டத்துப் புல்லில், ஒரு ஜோடிப் பறவை நாலு முட்டை இட்டிருந்தது. இங்கே ப்ளோவர் என்பார்கள். நம் ஊர் ஆட்காட்டிக் குருவியின் ஒன்றுவிட்ட சொந்தம். முகத்தில் மஞ்சளாக ஒரு தோல் தொங்கும். சிட்னியில் இருந்தால் உங்களுக்கும் ஒருமுறையாவது தலையில் கொத்து விழுந்திருக்கும். அது உள்நாட்டுப் பறவை என்பதால் அனுமதியில்லாமல் கூட்டைத் தொடக் கூடாது. தலைமை அலுவலகத்து ஆள் தொலைபேசியில் "ஒரு பெட்டியை வைத்து மூடுங்கள்" என்றார். மேலாளர் மறுத்துவிட்டார். "அது நமக்கு முன்னால் வந்தது. நாம் சுற்றி ஆடுவோம்" என்று சொல்லிவிட்டு, கூட்டைச் சுற்றி ஆரஞ்சுக் கூம்புகளை வைத்தார்.

இரண்டாவது சுற்றில் ஒரு பந்து உயரே எழும்பி இடது பக்கம் போனது. அங்கே நின்ற எங்கள் ஆட்டக்காரர் டெக்சாஸிலிருந்து வந்தவர், ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். பந்தைப் பார்த்தபடி பின்னாலேயே ஓடினார். கூம்புக்கு அருகே போனதும் அந்தக் குருவி கிளம்பியது. கத்திக்கொண்டு முகத்துக்கு நேரே பாய்ந்தது. மனிதர் கையுறையை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். பந்து விழுந்தது. எதிரணிக்கு ஒரு ஓட்டம் போனது. மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சனிக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு. வெள்ளிக்கிழமை யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. மெல்பேர்ன்காரர் ஒருவர் அதே இடத்தில் பந்தைப் பொறுக்கப் போனார். பந்து கூம்புக்கு வெளியே ஓர் அடி தள்ளிக் கிடந்தது. குருவி பந்துக்கும் அவருக்கும் நடுவே வந்து, இறக்கையை விரித்து நின்றது. அவர் ஒரு அடி வைப்பார், அது இரண்டு அடி வரும். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. அதற்குள் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சுற்றி ஓடி முடித்துவிட்டார்கள். மெல்பேர்னின் கிரெய்கிபர்னிலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த என் தங்கை, மெல்பேர்ன் தொப்பியோடு வேலியில் தொங்கிக்கொண்டு கத்தினாள்: "அண்ணா, உங்கட குருவியைக் கட்டி வையுங்கோ! இது அநியாயம்!"

அன்று சாயங்காலம் எனக்குக் கை அரித்தது. கழகத்தின் இணையப் பக்கத்தில் 'நம் பெயர் ப்ளோவர்ஸ் என்று இருந்தால் என்ன?' என்று தட்டி வைத்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. நாளைக்குள் ஒரு பெயர் வந்தாக வேண்டும். என் வேலை அதில் தொங்குகிறது. பரமேஸ் அக்கா மைதானத்துக் கடையை மூடிக் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் திரையைக் காட்டினேன்.

"போடட்டோ அக்கா?"

"போன முறை செய்தது காணாதோ?"

"பேர் வராட்டி என்ன செய்யிறது?"

"வராட்டி வராது. வீட்ட வந்து என்னோட ரோல்ஸ் சுத்துங்கோ. இப்ப அந்த போனை உள்ள வையுங்கோ தம்பி."

அழித்தேன். போனைப் பைக்குள் வைத்தேன். தம்பி தங்கைகளே, நான் செய்த வேலைகளிலேயே கடினமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எழுதத் தெரிந்த ஒருவன் எழுதாமல் இருப்பது.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு வாசல் திறந்தபோது நான் அங்கேதான் நின்றேன். முதலில் ஒரு குடும்பம் வந்தது. நாலு பேர் முகத்திலும் மஞ்சள் அட்டை வெட்டிக் கட்டியிருந்தது. பின்னால் இன்னொரு கூட்டம், அதே மஞ்சள். யாரும் யாரையும் கேட்டு வந்ததாகத் தெரியவில்லை. பிளாக்டவுன் பிலிப்பினோக்கள், சமோவன்கள், பஞ்சாபிகள், வென்ட்வேர்த்வில்லிலிருந்து நம் ஆட்கள், வேலியோரமாகக் கதிரை போட்டு உட்கார்ந்த வெள்ளைக்காரக் கிழங்கள். பீர் விற்கிறவன் மூக்கில்கூட மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து ஆட்கள் ஒரு பக்கமும் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆட்கள் இன்னொரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மஞ்சள்.

ஆட்டத்தில் நாங்கள் பின்தங்கித்தான் இருந்தோம். கடைசிச் சுற்றில் எங்கள் டெக்சாஸ்காரர் அடிக்க வந்தார். வெள்ளிக்கிழமை குருவிக்குப் பயந்து ஓடிய அதே ஆள். வெறும் வெள்ளை ஜெர்சியோடு வந்து நின்று, மட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி விரித்துக் காட்டினார். அவ்வளவுதான். இடது மூலையில் யாரோ ஒரு பெண் தொடங்கினாள். "ப்ளோ-வர்ஸ்! ப்ளோ-வர்ஸ்!" அந்தக் கூச்சல் வரிசை வரிசையாக ஏறி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, என் நெஞ்சில் இடித்தது. பரமேஸ் அக்கா ரோல்ஸ் தட்டில் கரண்டியால் தாளம் போட்டார். குருவியும் கூம்புக்குள் எழுந்து நின்று தன் பங்குக்குக் கத்தியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வேலை தப்பியதென்று இல்லை. அந்த நேரம் வேலை ஞாபகமே வரவில்லை. இத்தனை பேர் ஒரே பெயரைக் கத்துகிறார்கள், அதில் என் கை படவில்லை என்ற சந்தோஷம்.

மேலாளர் ஓடி வந்து தொலைபேசியை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் தலைமை அலுவலகத்து ஆள். "ஆட்டம் முடியப் போகிறது. பெயர் இருக்கிறதா இல்லையா?" என்றார். நான் தொலைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். திரும்பக் காதில் வைத்தபோது அந்த ஆள், "போக்குவரத்து ரவுண்டானாவில் முட்டை போடுகிற அந்தப் பறவையா? உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?" என்றார்.

"நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எழுதிக்கொண்டேன் என்றார். மேலாளர் என் தோளில் ஒரு குத்து விட்டார். ஒரு வாரம் வலித்தது.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஒருவரும் எழுந்து போகவில்லை. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தபடி என்னிடம் ஓடி வந்தார். "பெயர் வந்துவிட்டதாமே! சீக்கிரம் எழுதிக் கொடுங்கள், அறிவிக்க வேண்டும்" என்றார். பேனாவை எடுத்தேன். சுற்றிலும் இன்னும் அதே பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். பேனாவைத் திரும்பப் பையில் செருகிவிட்டு, மைக்கை அணைத்துவிடச் சொன்னேன்.